கால் மரத்துப்போவதற்கு மருந்து: ஆராய்ச்சி எங்கே நிற்கிறது?

தண்டையார்பேட்டையில் மருந்துக்கடையில் நிற்பவனுக்குச் சில வாக்கியங்கள் மனப்பாடம். "தம்பி, செருப்பு கழண்டு வுழுந்ததே தெரியல, நாலு எட்டு போயி திரும்பிப் பாத்தாதான் தெரியுது." "ராத்திரி ஆனா பாதம் திகுதிகுன்னு எரியுது, போர்வை பட்டாக்கூட தாங்கல." "தரையில நடக்கறேனா பஞ்சு மேல நடக்கறேனான்னே புரியல." இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் சுகர்காரர்கள். மீதிப் பேரில் கீமோ முடித்தவர்களும், கீமோ ஓடிக்கொண்டிருப்பவர்களும் கணிசமாக இருப்பார்கள். இரண்டு தரப்பும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "நரம்புக்கு நல்ல மாத்திரையா ஒண்ணு குடுங்க."

இந்த ஒரு வரிக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எரிச்சலையும் வலியையும் குறைக்க மருந்து உண்டா என்பது ஒன்று. கெட்டுப்போன நரம்பைச் சரிசெய்யவோ, கெடாமல் காக்கவோ மருந்து உண்டா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு, ஓரளவு உண்டு என்று தைரியமாகச் சொல்லலாம். இரண்டாவதற்கு, பி12 குறைபாடு போன்ற ஒன்றிரண்டு காரணங்களை விட்டுவிட்டால், இன்னும் நிரூபணமான மாத்திரை கிடையாது. பேப்பரிலும் வாட்ஸாப்பிலும் வரும் "நரம்புக்குப் புது மருந்து" செய்திகளைப் படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இந்தக் கட்டுரையும் அந்தப் பிரிவினை வழியாகத்தான் போகிறது.

ஏன் கால் விரலில் தொடங்குகிறது?

மூளையையும் தண்டுவடத்தையும் விட்டு வெளியே உடம்பெங்கும் ஓடும் நரம்புகள் கெடுவதைத்தான் டாக்டர்கள் பெரிஃபெரல் நியூரோபதி என்கிறார்கள். சுகரானாலும் கீமோவானாலும் இது பெரும்பாலும் ஒரே பாதையில்தான் வரும். முதலில் கால் விரல் நுனி, பிறகு பாதம், கணுக்கால். முழங்காலை நெருங்கும் சமயத்தில் கை விரல்களிலும் மதமதப்பு ஆரம்பிக்கும். இரண்டு காலிலும் ஏறத்தாழ சமமாக இருக்கும். ஒரே காலில் மட்டும் என்றால் முதுகுத் தண்டிலோ வேறெங்கோ கோளாறு இருக்கலாம், அது தனிக் கதை.

காரணம் நீளம். கால் கட்டைவிரலின் தொடு உணர்வைச் சுமக்கும் நரம்பு செல்லின் உடல், முதுகெலும்பை ஒட்டிய ஒரு சின்ன முடிச்சில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் இழை விரல் நுனி வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் போகிறது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய, ஒரே செல்லின் நீட்சி. அந்த இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி முதுகருகே தயாராகி, அங்கிருந்து நுனி வரை போய்ச் சேர வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இழைக்குள் மைக்ரோடியூபியூல் என்ற நுண்குழாய்கள்தான் சாலை, கைனசின் என்ற புரதம்தான் லாரி. வேகமான சரக்கு ஒரு நாளைக்குச் சுமார் 40 செ.மீ. போகும். மெதுவான சரக்கு நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர்தான், விரலுக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆகும். சாலையில் எங்கே சின்ன நெரிசல் வந்தாலும் முதலில் பட்டினி கிடப்பது கடைக்கோடி. அதனால்தான் கால் விரல்.

இன்னொரு விஷயமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. வெளிநரம்பு திரும்ப வளரக்கூடியதுதான், ஆனால் அதன் வேகம் நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. எல்லாம் சரியாக நடந்தாலும், முழங்காலுக்குக் கீழிருந்து விரல் வரை வளர ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும். "பத்து ஊசி போட்டேன், ஒரு மாற்றமும் இல்லையே" என்று கோபப்படுபவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் நான் சொல்வது.

கீமோ என்ன செய்கிறது

எல்லா கீமோ மருந்தும் நரம்பைத் தொடுவதில்லை. தொடுபவை சில குடும்பங்கள். மார்பகப் புற்றுக்கும் சினைப்பைப் புற்றுக்கும் அதிகம் கொடுக்கப்படும் பாக்ளிடாக்செல், நாம் மேலே பார்த்த அந்தச் சாலையையே இறுக்கி விறைக்க வைத்துவிடுகிறது. புற்றுசெல் பிரியாமல் சாவது இதனால்தான். ஆனால் நரம்பு இழைக்குள் சரக்குப் போக்குவரத்தும் அதே காரணத்தால் தடுமாறுகிறது. ரத்தப் புற்றுக்குத் தரும் வின்கிரிஸ்டின், நம்மூர் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. அது சாலையைப் போடவே விடாது. சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற பிளாட்டின மருந்துகள் வேறு வழி. ரத்தத்திலிருந்து நரம்புக்குள் கண்டதும் நுழையாமல் காக்கும் தடுப்பு, முதுகருகே உள்ள அந்த முடிச்சுகளில் பலவீனம். பிளாட்டினம் அங்கே போய்த் தங்கி, செல்லின் மரபுப்பொருளையே சேதப்படுத்துகிறது.

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் குடல் புற்றுக்கு ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிக்கொண்டு வந்தார். "ஐஸ் பெட்டில கைய வெச்சா கரண்டு அடிக்குது தம்பி. பச்சத்தண்ணி குடிச்சா தொண்டை இறுக்குது, மூச்சே நின்னுடும்போல கீது" என்றார். பயந்துபோய் இருந்தார். இந்த மருந்தின் கையெழுத்தே அதுதான். ஏற்றிய சில மணி நேரத்தில் குளிர்ச்சி பட்டால் சுரீர் என்கும். சில நாளில் அடங்கி, அடுத்த முறை ஏற்றும்போது திரும்ப வரும். நரம்பு இழையின் மின் வாசல்கள் தற்காலிகமாகக் கலங்குவதால் வருவது அது. அந்த வாரம் மட்டும் மகள் ஐஸிலிருந்து மீனை எடுத்துத் தர, இவர் தராசையும் காசையும் பார்த்துக்கொண்டார். குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர். நிலையான மதமதப்பு தனி ரகம். மொத்த டோஸ் ஏற ஏற அது மெல்லச் சேரும்.

பிளாட்டின மருந்துகளில் இன்னொரு குணமும் உண்டு. மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்களுக்கு மதமதப்பு கூடிக்கொண்டே போகலாம். "கீமோ முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, இப்பதான் அதிகமாகுது, நோய் திரும்பிடுச்சா?" என்று கேட்பவர்கள் உண்டு. டாக்டரிடம் காட்ட வேண்டும்தான், ஆனால் அதுவே நோய் திரும்பியதற்கு அறிகுறி ஆகாது. 2014ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கீமோ முடிந்த முதல் மாதத்தில் 68 சதவீதம் பேருக்கும், ஆறு மாதத்துக்குப் பிறகு 30 சதவீதம் பேருக்கும் நரம்புப் பாதிப்பு இருந்தது. முதல் மாதத்தில் அவதிப்பட்டவர்களில் பெரும்பங்கு தேறிவிடுகிறார்கள் என்பது இதில் ஆறுதல். எல்லாரும் தேறுவதில்லை என்பதும் அதே எண்ணில் இருக்கிறது.

சுகர் என்ன செய்கிறது

இது மெதுவான வேலை. ரத்தத்தில் சர்க்கரை கூடும்போது நரம்பு செல்கள் மிஞ்சிய சர்க்கரையை சார்பிட்டால் என்ற பொருளாக மாற்றுகின்றன. அந்த வேலையில் செல்லின் தற்காப்புச் சக்தி கரைகிறது. நரம்புக்கு ரத்தம் தரும் நுண்குழல்கள் தடித்துச் சுருங்குகின்றன. ரத்தத்தில் கொழுப்பும் இடுப்பைச் சுற்றிய எடையும் சேர்ந்து அடிக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2023ல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு சுகர். அதில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நரம்பு பாதிக்கப்படும் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

சுகரைக் கட்டுக்குள் வைத்தால் நரம்பு பிழைக்குமா? உடம்பில் இன்சுலினே சுரக்காமல் போகும் டைப் 1 சுகரில் இதற்கு நல்ல விடை உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993ல் முடிந்த, 1,441 பேரைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், கறாராகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. நம் தெருவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இருப்பது டைப் 2. அதில் சுகரை மட்டும் இறக்கிப் பார்த்த ஆய்வுகளில் அந்த அளவு பலன் தெரியவில்லை. எடை, கொழுப்பு, புகை, குடி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் இரண்டு விஷயம் இங்கே பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, பல வருடம் ஏறிக் கிடந்த சுகரை இரண்டு மூன்று மாதத்தில் தடாலென்று இறக்கினால், காலில் எரிச்சல் தற்காலிகமாக அதிகமாகலாம். "இன்சுலின் போட்டதிலேருந்துதான் கால் எரியுது" என்று ஊசியையே நிறுத்திவிடுபவர்கள் இந்த வகை. நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் வேகத்தைச் சீராக்குவார், எரிச்சலும் மாதங்களில் தணியும். இரண்டாவது, சுகருக்கு முதல் மாத்திரையான மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். பி12 குறைந்தாலும் கால் மரக்கும். சுகர் நரம்பு என்று நினைத்து அதை விட்டுவிடக் கூடாது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், குறைந்திருந்தால் ஊசியோ மாத்திரையோ உண்மையிலேயே வேலை செய்யும். நரம்பையே சரிசெய்யும் மருந்து என்று நான் கை காட்டக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

முதல் கேள்வி: வலிக்கு மருந்து

கடையில் அதிகம் போவது பிரிகாபலின், அதோடு மெத்தில்கோபாலமின் (பி12இன் ஒரு வடிவம்) சேர்த்த கேப்ஸ்யூல். கூடவே கேபாபென்டின், அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின். அந்த பி12ஐ விட்டுவிட்டால், இவை எல்லாமே முதல் கேள்விக்கு மட்டும் விடை. நரம்பிலிருந்து கிளம்பும் தப்பான சிக்னலை அமுக்குகின்றன, அல்லது மூளையிலும் தண்டுவடத்திலும் வலியைக் குறைக்கும் உடம்பின் சொந்த ஏற்பாட்டைத் தட்டி எழுப்புகின்றன. மரத்துப்போன இடத்துக்கு உணர்வைத் திருப்பித் தரும் வேலை இவற்றுக்கு இல்லை. வலியே இல்லாமல் வெறும் மதமதப்பு மட்டும் இருப்பவர் இதைச் சாப்பிட்டால் மிஞ்சுவது தூக்கமும் தலைசுற்றலும்தான். வயதானவர் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்தால் அது புது வம்பு.

இவற்றில் எது சிறந்தது? பிரிட்டனில் 13 மையங்களில் 130 சுகர் நோயாளிகளிடம் இதை நேருக்கு நேர் பார்த்தார்கள். 2022ல் வெளியானது. அமிட்ரிப்டிலினில் தொடங்கினாலும், டுலாக்ஸெட்டினில் தொடங்கினாலும், பிரிகாபலினில் தொடங்கினாலும், தேவைப்பட்டால் இரண்டாவதைச் சேர்த்தபோது, 10க்கு 6.6ல் இருந்த வலி 16 வாரத்தில் மூன்று வழியிலும் 3.3க்கு வந்தது. எதில் ஆரம்பித்தாலும் ஒன்றுதான், பக்க விளைவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அதன் சாரம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையை நீங்களும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

கீமோ நரம்பு வலியில் தேர்வு இன்னும் குறுகல். 2013ல் வந்த அமெரிக்க ஆய்வில் 231 பேரில் டுலாக்ஸெட்டின் எடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்கும், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கும் வலி குறைந்தது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் கீமோ நரம்பு வலிக்கு இன்று வரை பரிந்துரைப்பது இந்த ஒரே மருந்தைத்தான். சுகருக்குக் கேட்கும் பிரிகாபலின் இங்கே அதே அளவு நிரூபணம் ஆகவில்லை.

அந்த 38 சதவீதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மருந்தே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டுப் பத்தில் நாலு பேருக்கு வலி குறைந்திருக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. வலி ஏறி இறங்கும். மோசமான சமயத்தில்தான் ஆய்வில் சேர்வார்கள், அதன் பிறகு தானாகவே கொஞ்சம் தணியும். நம்பிக்கையும் கவனிப்பும் சேர்ந்தால் மூளை வலியைக் குறைத்தே காட்டும். அதனால்தான் "என் மாமாவுக்குச் சரியாச்சு" என்ற சாட்சியம் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் மருந்துக்கு நிரூபணம் ஆகாது. வலி சிக்னலைத் தோன்றும் இடத்திலேயே அடைக்கும் சூசெட்ரிஜின் என்ற மருந்துக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது அறுவை சிகிச்சைக்குப் பிறகு வருவது போன்ற திடீர் வலிக்கு மட்டும். முதுகு நரம்பு அழுத்தத்தால் காலுக்கு இறங்கும் வலியில் சோதித்தபோது மருந்து வலியை 2.02 புள்ளி குறைத்தது, வெறும் மாத்திரை 1.98. சுகர் கால் வலிக்கும் இதைப் பெரிய அளவில் சோதிக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. அதுவும் முதல் கேள்விக்கான மருந்துதான் என்பதை மறக்க வேண்டாம்.

மிளகாயும் இந்த வரிசையில் இருக்கிறது. அதன் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நரம்பின் எந்த வாசலைத் திறக்கிறது என்று 1997ல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் நோபல் கிடைத்தது. 8 சதவீத கேப்சைசின் பட்டையை மருத்துவமனையில் பாதத்தில் அரை மணி நேரம் ஒட்டி எடுத்தால், வலி சொல்லும் நுனிகள் சில மாதம் அடங்கிப்போகின்றன. சுகர் கால் வலிக்கு இதை அமெரிக்கா 2020ல் அனுமதித்தது. இதைப் படித்துவிட்டு வீட்டில் மிளகாய்த்தூளைக் குழைத்துப் பூச வேண்டாம். உணர்வில்லாத காலில் புண்தான் மிஞ்சும்.

இரண்டாவது கேள்வி: நரம்பைக் காக்க மருந்து

இங்கே கதை பெரும்பாலும் தோல்விகள். நரம்பு வளர்ச்சிக்கான புரதத்தை ஊசியாகப் போட்டால் நரம்பு திரும்ப வளரும் என்று நம்பி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுகர் நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2000ல் வந்த முடிவு: பலனில்லை. சார்பிட்டால் உருவாவதைத் தடுக்கும் மருந்துகளில் ஒன்றை ஈரலைக் கெடுத்ததால் 1990களில் திரும்பப் பெற்றார்கள். எபால்ரெஸ்டாட் என்ற இன்னொன்று ஜப்பானிலும் இந்தியாவிலும் விற்கிறது, மேலை நாடுகளில் அனுமதி இல்லை. கீமோவோடு கால்சியம், மெக்னீசியம் ஏற்றினால் நரம்பு தப்பும் என்று பல வருடம் நம்பி ஏற்றினார்கள். 2014ல் 353 பேரிடம் ஒழுங்காகச் சோதித்தபோது ஒரு வித்தியாசமும் இல்லை.

என்னைக் கேட்டால் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய தோல்வி அசெட்டில் கார்னிடைன். நரம்புச் சத்து என்று விற்கப்படும் சாதுவான பொருள். மார்பகப் புற்றுக்குக் கீமோ எடுத்த 409 பெண்களிடம் சோதித்து 2013ல் முடிவு சொன்னார்கள். நரம்பு கெடாமல் காக்கும் என்று கொடுத்தது, வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட அதிகமாக நரம்பைக் கெடுத்திருந்தது. "சத்து மாத்திரைதானே, என்ன ஆகிடும்" என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. பி6ம் இப்படித்தான். பைரிடாக்ஸின் என்று ஸ்ட்ரிப்பின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும். அளவோடு உடம்புக்கு வேண்டியதுதான், அதிக அளவில் நாள்பட எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். 1983லேயே இது பதிவாகிவிட்டது. இரண்டு மூன்று நரம்புச் சத்து மாத்திரையை ஒன்றாகச் சாப்பிடுபவர்கள் எல்லாவற்றிலும் இருக்கும் பி6ஐக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது, அது சுவாரசியமானது. 1850ல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி தவளையின் நரம்பை வெட்டி, வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதி சிதைவதை விவரித்தார். உணவு நின்றது, அதனால் செத்தது என்றுதான் நூறு வருடத்துக்கு மேல் எல்லாரும் நினைத்தார்கள். 1989ல் பிரிட்டனில் ஒரு வகைச் சுண்டெலி அகப்பட்டது. நரம்பை வெட்டினால் மற்ற எலிகளுக்கு ஓரிரு நாளில் சிதைய ஆரம்பிக்கும் இழை, இதற்கு இரண்டு வாரம் வரை அப்படியே நின்றது. பட்டினியால் சாவது என்றால் இது எப்படி முடியும்? நரம்பு இழைக்குள் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது, அந்த எலியில் அது தாமதமாகிறது என்று புரிந்தது. 2012ல் அந்த ஏற்பாட்டின் விசையாக சார்ம்1 என்ற புரதம் அடையாளம் காணப்பட்டது. அடிபட்ட இழையில் சார்ம்1 விழித்துக்கொண்டு, செல்லின் சக்திக்கு ஆதாரமான என்ஏடி என்ற பொருளை அழித்துத் தீர்க்கிறது. சார்ம்1 இல்லாத எலிகளுக்கு வின்கிரிஸ்டின் கொடுத்துப் பார்த்தார்கள், நரம்பு பெருமளவு தப்பித்தது.

கீமோவில் இது ஏன் முக்கியம் என்றால், நரம்புக்கு அடி எப்போது விழும் என்று தேதி குறித்தே தெரியும். விசையை அந்த நேரத்துக்கு மட்டும் அழுத்திப் பிடிக்க ஒரு மாத்திரை இருந்தால் போதும். அப்படிப்பட்ட மருந்துகள் மனிதர்களிடம் ஆரம்பக் கட்டச் சோதனைக்கு வந்திருக்கின்றன. எலியில் வென்று மனிதரில் தோற்ற மருந்துகளின் பட்டியல் நீளம் என்பதால் நான் கொண்டாட அவசரப்படவில்லை.

மாத்திரை இல்லாத ஆராய்ச்சி

உருப்படியான முன்னேற்றம் நடந்திருப்பது இங்கேதான் என்பது என் எண்ணம். எலும்பு மஜ்ஜைப் புற்றுக்குத் தரும் போர்டிசோமிப் ஊசியை ரத்தக் குழாயில் போடாமல் தோலுக்கடியில் போட்டுப் பார்த்தார்கள். ஓரளவு கடுமையான நரம்புப் பாதிப்பு 41 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாக இறங்கியது, மருந்தின் பலன் குறையவில்லை. 2011ல் வந்த அந்த முடிவுக்குப் பிறகு தோலுக்கடியில் போடுவதே வழக்கமாகிவிட்டது. புது மருந்து எதுவும் இல்லை, ஊசி குத்தும் இடம் மட்டும் மாறியது.

ஜப்பானில் கியோட்டோவில் இன்னும் எளிமையாக ஒன்று செய்தார்கள். பாக்ளிடாக்செல் ஏற்றும் 36 பெண்களுக்கு ஒரு பக்கக் கை காலில் மட்டும் உறைந்த கையுறையும் காலுறையும் மாட்டினார்கள். மறுபக்கம் சும்மா. குளிரில் ரத்தக் குழல் சுருங்கி மருந்து விரல் நுனிக்குக் குறைவாகப் போகும் என்பது எண்ணம். 2018ல் வந்த முடிவில், கையின் தொடு உணர்வு மங்கியது குளிர்ந்த பக்கம் 27.8 சதவீதம் பேருக்கு, சும்மா இருந்த பக்கம் 80.6 சதவீதம் பேருக்கு. ஒரே ஆளின் இரண்டு கைகளையே ஒப்பிட்டதுதான் இதன் அழகு. சின்ன ஆய்வுதான், குளிரைத் தாங்காமல் கழற்றுபவர்களும் உண்டு. இறுக்கமான ரப்பர் கையுறை மாட்டியும் சோதித்து வருகிறார்கள். காசிமேட்டு அக்கா எடுத்த ஆக்ஸாலிபிளாட்டினுக்கு இந்தக் குளிர் வைத்தியம் கூடவே கூடாது.

உடற்பயிற்சியும் சோதனையில் தேறி நிற்கிறது. ஜெர்மனியில் கீமோ எடுக்கும் 158 பேரிடம் செய்த ஆய்வு 2024ல் வந்தது. ஒற்றைக் காலில் நிற்பது, அசையும் பலகையில் சமநிலை பிடிப்பது போன்ற பயிற்சியை வாரம் இரு முறை செய்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு வந்தது. செய்யாதவர்களில் 71 சதவீதம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே தொடங்கக்கூடிய வேலை, முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வாயைத் திறப்பது. "சொன்னா கீமோவ நிறுத்திடுவாங்க" என்று மதமதப்பை மறைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டைப் பட்டன் போட முடியவில்லை, ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, பர்ஸிலிருந்து சில்லறையை விரலால் பிரிக்க முடியவில்லை என்று குறிப்பாகச் சொல்லுங்கள். டோஸைக் குறைப்பது, இடைவெளி விடுவது, மருந்தை மாற்றுவது என்று டாக்டர் கையில் பல வழி இருக்கிறது.

சுகர்காரர்களுக்கு வடசென்னையில் குறை சொல்ல முடியாது. 1948லேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சுகருக்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். 1954ல் அவர் ராயபுரத்தில் தொடங்கிய மருத்துவமனை, சுகர் கால் ஆராய்ச்சிக்கு வெளிநாட்டிலும் அறியப்பட்டது. எம்சிஆர் செருப்பு என்று நாம் கேட்டு வாங்கும் மெத்தென்ற ரப்பர் அட்டைச் செருப்பு, ஏற்கெனவே புண் வந்து ஆறிய கால்களில் மறுபடி புண் வருவதைக் குறைக்கிறது என்று காட்டிய 2004ஆம் ஆண்டு ஆய்வு அங்கிருந்து வந்ததுதான்.

பரிசோதனையும் பயப்படும்படி இருக்காது. பாதத்தில் நைலான் இழை ஒன்றை வளையும் வரை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள். அது 10 கிராம் அழுத்தம். அடுத்து பயோதீசியோமீட்டர். ஒரு சின்ன முனையைக் கட்டைவிரலில் வைத்து அதிர்வை மெல்லக் கூட்டுவார்கள், எந்த வோல்ட்டில் உங்களுக்குத் தெரிகிறது என்று குறிப்பார்கள். 25க்கு மேல் போனால் புண் வரும் ஆபத்து அதிகம். "எனக்குத்தான் வலியே இல்லையே" என்பவர்கள்தான் இதை முதலில் செய்ய வேண்டியவர்கள். வியாசர்பாடியில் மழைத் தண்ணீரில் நடந்து வந்து, காலில் ஆணி ஏறியதை மறுநாள் பார்த்தவர்கள் எல்லாம் வலி இல்லாதவர்கள்தான். சித்திரை வெயிலில் திருவொற்றியூர் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றுவதற்கும், ஆடி மாதத் தீமிதிக்கும் இதே கணக்கு.

புது மருந்தின் ஆய்வில் சேர விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும் என்பது 2009லிருந்து கட்டாயம். அது இணையத்தில் யாரும் பார்க்கக்கூடியது. ஆய்வு மருந்துக்கு நோயாளி காசு தர வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஒப்புதல் படிவம் தமிழில் கேட்கலாம். ஆய்வு என்று சொல்லி முன்பணம் கேட்டால், படிவத்தைக் கையெழுத்திடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, பதிவு எண்ணைத் தேடிப் பார்த்து, உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.